யாரால வந்தது

காலாப்பட்டு சிறை
11-6-2023

அன்புள்ள உஷாவுக்கு,

தங்கவேல் எழுதுறது. இங்க நான் இருக்கிறபடி இருக்கேன், உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீ எப்படி இருக்க, செவலை கன்னு போட்டுச்சா, வாய்க்கா ஓரத்துக் கரும்பு எந்த மட்டும் வந்திருக்கு, எல்லாத்துக்கும் பதில் போடு.

போன மாசம் மனு போட்டு என்னைப் பார்க்க நீ வரல. அதுக்கு முந்தின மாசமும் வரல. போன்ல பேசலாம்னா பின்னாடி வரிசையா நின்னுக்கினு முதுகுல மூச்சு விடுறானுங்க. சொல்ல வந்ததைச் சொல்லாமலே வெச்சிட வேண்டியிருக்குது. அதனாலதான் பேப்பர் வாங்கி எழுதுறேன். நீயும் எழுதியே பதில் போடு.

கரையாம்புத்தூர்லேருந்து தங்கச்சி தேவி வந்திருந்தா. வில்லியனூர்ல உன்னைப் பார்த்தாளாம். ஜெயசீலன் ஆட்டோவுல போனியாம். தலையில துணியப் போட்டுக்கினு போனியாம். கூப்பிட்டாளாம், திரும்பிப் பார்க்கலியாம். நான் ஒண்ணும் கேக்கல. அவ சொன்னா, அதை எழுதுறேன், அவ்வளவுதான்.

பால் சொசைட்டி புகழ்வேந்தன் மேல கைய வெச்சதுக்குக் கோர்ட்டு மூணு வருஷம்னு சொல்லிடுச்சு. நான் அனுபவிச்சிக்கினு இருக்கேன். எதனால அடிச்சேன்னு வெளிய இருக்கிறவங்களும் மறக்காம இருந்தா நல்லது.

வூட்டுக்கு வெளிய லைட்டு போட்டு வெச்சுத் தூங்கு.

உன் வீட்டுக்காரன்,
தங்கவேல்



ஏம்பலம்
25-6-2023

அன்புள்ள மாமாவுக்கு,

உஷாராணி எழுதுவது. உங்க கடிதம் வந்தது. உங்க உடம்பு நல்லா இருக்குன்னு தெரிஞ்சு நிம்மதி. நானும் நல்லா இருக்கேன். செவலை இன்னும் கன்னு போடலை. கரும்பு இடுப்புக்கு மேல வந்திருக்கு. தண்ணி முறை நம்மளுக்கு வியாழக்கிழமை, நானே போய் மடை மாத்திட்டு வர்றேன்.

மாத்திரை கம்பெனியில பேக்கிங்குக்கு ஆள் பத்தலைன்னு ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்றாங்க. லீவு கேட்டா சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வெச்சுக்குறாங்க. மனு பார்க்க வராததுக்கு அதுதான் காரணம்.

வில்லியனூருக்குப் போனது உண்மைதான். உடம்பு கொஞ்சம் சூடு, அதுக்கு மருந்து வாங்கப் போனேன். வெயிலுக்குத் துணி போட்டுக்கிட்டேன். ஆட்டோவுல என் பக்கத்துல காசம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே லைன்ல பேக்கிங் பண்றோம், உங்களுக்குத் தெரியும். உங்க தங்கச்சி கண்ணுக்கு ஆட்டோக்காரர் தெரிஞ்சிருக்கார், என்னைத் தெரிஞ்சிருக்கு, நடுவுல இருந்த அக்கா தெரியலை.

பால் சொசைட்டியில பால் அளந்து ஊத்துறவர்கிட்ட ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசினதுக்கு என்ன நடந்ததுன்னு நான் மறக்கலை மாமா. மறக்கவும் முடியாது. இப்போ பாலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட கொடுத்தனுப்புறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்க. யார்கிட்டேயும் வம்புக்குப் போகாதீங்க.

இப்படிக்கு,
உஷாராணி



காலாப்பட்டு
9-7-2023

உஷாவுக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருக்கணும்.

உடம்பு சூட்டுக்கு மருந்து ஏம்பலத்துலயே கிடைக்குமே. வில்லியனூர் வரைக்கும் போவணும்னு இன்னா அவசரம்? நான் கேக்கிறது இது ஒண்ணுதான்.

தேவி மறுபடி வந்தா. ஒரு தடவை இல்லியாம், நாலஞ்சு தடவை அந்த ஆட்டோ நம்ம வூட்டு வாசல்ல நின்னுச்சாம். ஒரு நாளு சாயங்காலம் இறங்கி நடக்க முடியாம சுவத்தைப் புடிச்சிக்கினு உள்ள போனியாம். அதைச் சொல்லிட்டு என் மொகத்தைப் பார்த்தா. தங்கச்சி மொகத்தைப் பார்க்க எனக்கு வெக்கமா இருந்துச்சு.

பரோல் கேட்டு மனு எழுதட்டுமா? நாலு நாள் வந்து இருந்துட்டுப் போறேன். ஒரு வரி போடு, போதும். இங்க ராத்திரிக்குத் தூக்கம் கிடையாது, அதனால கேக்கிறேன்.

தங்கவேல்



ஏம்பலம்
20-8-2023

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க சுகத்துக்கு மாரியாத்தாளை வேண்டிக்கிட்டு உஷாராணி எழுதுவது. பதில் போட இவ்வளவு நாள் ஆயிடுச்சு. பரோல் கேட்க வேண்டாம். இப்போ நீங்க வர வேண்டாம்.

கடிதத்தை அங்க பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட தருவாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்க படிப்பாங்கன்னு நினைச்சு நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். இனிமே மறைக்க முடியாது.

பொங்கல் கழிஞ்சதுலேருந்து எனக்கு மாசத்துக் கணக்கு தப்பிப் போச்சு. நிக்காம போகுது. கம்பெனியில ஒரு நாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியலை. காசம்மாள் அக்கா தன் சேலைத் தலைப்பால மறைச்சு வெளிய கூட்டிட்டுப் போனாங்க. அதுக்குத்தான் வில்லியனூர். அங்க ஒரு லேடி டாக்டர் சுரண்டி எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு, புத்துநோய் அணு எதுவும் இல்லை, பயப்படாதேன்னு மாத்திரை கொடுத்தாங்க. நானும் பயப்படலை. ரத்தம் மட்டும் நிக்கலை.

அப்புறம் டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஸ்கேன்ல கர்ப்பப்பை வாயில பெரிய கட்டின்னு வந்தது. துளி சதை எடுத்து அனுப்பினாங்க. அது புத்துநோய்தான், கர்ப்பப்பையை உடனே எடுத்துடணும்னு சொல்லித் தேதியும் கொடுத்துட்டாங்க. ஒண்ணுமே இல்லைன்னு ஒருத்தர் சொல்லி நாலு மாசம்கூட ஆகலை, இன்னொருத்தர் அறுத்து எடுக்கணும்ங்கிறார். யாரை நம்புறதுன்னு தெரியலை. பணத்துக்காகச் சொல்றாங்களோன்னு ஒரு நினைப்பு. முதல்ல பார்த்தவங்க சரியாப் பார்க்கலையோன்னு ஒரு நினைப்பு.

உங்க தங்கச்சி விஷயம் தெரிஞ்சு வந்தாங்க. "பத்து வருஷமா ஒரு புழு பூச்சி தங்கல. அது உள்ள இருந்து இன்னா ஆவப் போவுது, எடுத்துக் கடாசுங்கண்ணி"ன்னாங்க. அடுப்புல உலை கொதிச்சிட்டு இருந்தது, அதைப் பார்க்கிற மாதிரி உள்ள போயிட்டேன்.

உங்க உடம்பைப் பார்த்துக்குங்க.

இப்படிக்கு,
உஷாராணி



காலாப்பட்டு
30-8-2023

அன்புள்ள உஷாவுக்கு,

உன் கடிதம் படிச்சதுலேருந்து சோறு இறங்கல. எனக்கு ஏன் முதல்லயே சொல்லல? பொங்கல்லேருந்து மூடி வெச்சிருக்க. வேற எவன் எவனுக்கோ தெரிஞ்சிருக்கு, ஆட்டோக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, கட்டின புருஷனுக்குத் தெரியல.

இங்க நாகராஜன்னு ஒருத்தர் என்கூட ஒரே செல்லுல அடைஞ்சு இருக்காரு. வெளிய இருந்தப்ப மருந்துக் கடை வெச்சிருந்தவரு. உன் பேரைச் சொல்லாம, தெரிஞ்சவங்களுக்குன்னு கேட்டேன். அந்த எடத்துல வர்ற புத்துநோய் சும்மா வராது, ஒரு கிருமியால வர்றது, ஆளு விட்டு ஆளு ஒட்டுறதுன்னு சொன்னாரு. அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. நான் எழுந்து போய்ட்டேன்.

டாக்டருங்க உன்கிட்ட அதைப் பத்தி இன்னா சொன்னாங்க? எதனால வந்துச்சாம்? எப்பலேருந்து இருக்குமாம்? மூணு விஷயத்தையும் தெளிவா எழுது. நான் சொல்ற வரைக்கும் ஆபரேஷனுக்குக் கையெழுத்து போடாத.

கடவுள் உன்னைக் காப்பாத்துவாரு.

தங்கவேல்



ஏம்பலம்
27-9-2023

தங்கவேல் மாமாவுக்கு,

நான் உயிரோட இருக்கேன். நீங்களும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன்.

நீங்க எழுதினது புரிஞ்சது. மூணு கேள்வின்னு எழுதியிருக்கீங்க, கேட்டது ஒண்ணுதான். எனக்கு எவ்வளவு வலி இருக்குதுன்னு அதுல எங்கேயும் இல்லை.

நாகராஜன் சொன்னதை எனக்கு ஒரு நர்ஸ் ஜூலை மாசமே சொன்னாங்க. அதைத்தான் போன கடிதத்துல எழுதாம விட்டேன். அந்தம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. "புருஷன் ஒருத்தரோட மட்டும் வாழ்ந்தவங்களுக்கும் வரும்மா. அவர் மூலமா வந்து வருஷக் கணக்கா உள்ள சும்மா கிடக்கும்"னு. அன்னைக்கு ராத்திரி எனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும்னு நினைக்கிறீங்க? டிராக்டர்ல கரும்பு ஏத்திக்கிட்டு ஆலைக்குப் போனா, வரிசையில நிக்குதுன்னு சொல்லி மூணு நாள் கழிச்சு வருவீங்களே. அப்போ எங்க தூங்கினீங்க, யாரோட சாப்பிட்டீங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த மூணு மாசமா கேட்டுக்கிட்டே இருக்கேன், மனசுக்குள்ள. உங்க போட்டோவைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன்.

ஆபரேஷன் நடக்கலை. நீங்க சொன்னதுக்காக இல்லை. காசம்மாள் அக்கா, "அறுத்துட்டா திரும்ப ஒட்ட வைக்க முடியாது, இன்னொரு எடத்துல கேட்டுட்டு அறுத்துக்கோடி"ன்னு சண்டை போட்டு என்னை ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனாங்க. அங்க ஒரு பெண் டாக்டர், பழைய ரிப்போர்ட்டையும் எடுத்த சதையை ஒட்டி வெச்ச கண்ணாடித் தகடையும் வாங்கிப் பார்த்துட்டு, "இது எனக்குச் சரியாப் படலை, இன்னும் ஆழமாச் சதை எடுத்துப் பார்க்கணும்"னாங்க. எடுத்தாங்க. சாயம் போட்டுப் பார்க்கிற ஒரு டெஸ்டாம், அது வர நாளாகும். இடுப்பெலும்பிலேருந்தும் ஊசியால எடுத்திருக்காங்க. எய்ட்ஸ் இருக்கான்னும் ரத்தம் எடுத்தாங்க. எதுக்குன்னு கேட்டேன், எல்லாருக்கும் எடுக்கிறதுதான்னாங்க. நம்புறதா வேண்டாமான்னு தெரியலை. என்கிட்ட எதையோ மறைக்கிறாங்கன்னு தோணுது. படிக்கிற பிள்ளைங்க வந்து வந்து பார்த்துட்டு இங்கிலீஷ்ல பேசிக்கிறாங்க.

செவலை கன்னு போட்டுது. கிடேரி.

உஷாராணி



காலாப்பட்டு
8-10-2023

உஷா,

நான் நல்லா இல்ல. நல்லா இருக்கேன்னு எழுத கை வரல.

ஆலை வாசல்ல டிராக்டருக்கு அடியில படுத்து, கொசுக்கடியில எழுந்து வந்தவன் நான். என்கூட வந்த எவனை வேணா கேளு. மாரியாத்தா கோயில்ல சூடம் ஏத்தி அணைக்கச் சொல்லு, அணைக்கிறேன். என் போட்டோவைத் திருப்பி வைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

எல்லாருக்கும் எய்ட்ஸ் டெஸ்டு எடுக்கிறாங்கன்னா, அதைச் சொல்ல உனக்கு ஏன் தயக்கம்? ரிசல்ட்டு இன்னா வந்துச்சுன்னு நீ எழுதல. வந்துடுச்சா, வரலியா? அந்த டாக்டரம்மா பேரு இன்னா, எந்த நாளு பார்க்கிறாங்க, அதை எழுது. வேற ஒண்ணும் வேணாம், தெரிஞ்சிக்கத்தான்.

கன்னுக்குட்டிக்குத் தாய்ப்பால் குறைக்காம விட்டுக் குடு.

தங்கவேல்



ஏம்பலம்
26-11-2023

அன்புள்ள மாமாவுக்கு,

உஷாராணி எழுதுவது. மழைக்காலம், அங்க ஈரத்துல படுக்காதீங்க. போர்வை வேணும்னா சொல்லுங்க, காசம்மாள் அக்கா மகன் அந்தப் பக்கம் வேலைக்குப் போறான், கொடுத்தனுப்புறேன்.

டெஸ்ட் எல்லாம் வந்தது. எய்ட்ஸ் இல்லை. நீங்க கேட்ட டாக்டர் திங்கள், வியாழன் பார்க்கிறாங்க. நீங்க எதுக்குக் கேட்டீங்கன்னு தெரியலை, கேட்டதால எழுதுறேன்.

அன்னைக்கு நடந்ததை அப்படியே சொல்றேன். டாக்டர் என்னையும் அக்காவையும் உட்கார வெச்சாங்க. "உஷாராணி, கழுத்துல, அக்குள்ல நெறி கட்டும்னு சொல்வாங்களே, தெரியுமா?"ன்னாங்க. தெரியும்னேன். "நம்ம உடம்புல காவலுக்குன்னு சில அணுக்கள் இருக்கு. அதுங்களே கெட்டுப்போய்ப் பெருகிடுச்சுன்னா அதுக்கு லிம்போமான்னு பேர். சாதாரணமா நெறியிலதான் வரும். உனக்குக் கர்ப்பப்பை வாயில வந்திருக்கு. இந்த எடத்துல வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம்."

"அப்போ முதல்ல பார்த்தவங்க ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்களே?"

"மேல்தோல் நல்லாத்தான் இருக்கு. நோய் அதுக்கு அடியில இருக்கு. மேலாச் சுரண்டினா தெரியாது. வேற வகைப் புத்துநோய்னு நினைச்சு அறுத்துடுறதும் நடக்கும், ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்."

"கர்ப்பப்பையை எடுக்கணுமா?"

"எடுத்தா மட்டும் இது போயிடாது. எடுக்காமலே மருந்துல கரைக்கப் பார்க்கலாம். வேற எங்கேயும் பரவலை, அது நல்ல விஷயம்."

அக்கா என் கையைப் பிடிச்சாங்க. எனக்கு வேற ஒண்ணு கேட்கணும். கடைசியில கேட்டுட்டேன். "இது யாரால வந்தது டாக்டர்?"

அவங்க பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. "யாராலயும் வரலைம்மா. இது ஒட்டுற நோய் இல்லை. ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

அங்கேயே அழுதேன். புத்துநோய்னு உறுதியாச் சொல்றாங்க, நான் என்னவோ ஜெயிச்ச மாதிரி அழறேன். எதுக்கு அழறோம்னு நினைச்சப்போ எனக்கே அவமானமா இருந்தது.

மூணு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை மருந்து ஏத்தணும். முதல் தடவை ஆயிடுச்சு. ஏத்த ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுது. மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, அப்புறம் மெதுவா விட்டாங்க. சிவப்பா ஒரு மருந்து இருக்கு. அன்னைக்குச் சிறுநீர் சிவப்பாப் போகும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. ஆனாலும் பார்த்ததும், மறுபடி ரத்தம்னு அலறிட்டேன். முடி கொட்ட ஆரம்பிச்சிருக்கு, சோத்துல, தலையணையில எல்லாம் கிடக்குது.

உங்க போட்டோவை நேராத் திருப்பி வெச்சுட்டேன். ஆலை விஷயத்துல உங்களை நினைச்சது தப்பு.

இப்படிக்கு,
உஷாராணி



காலாப்பட்டு
10-12-2023

என் உயிருக்கு உயிரான உஷாவுக்கு,

நான் ரொம்ப சுகம். நீ சீக்கிரம் குணமாவணும். இங்க பிள்ளையாருக்கு தினமும் ஒரு பூ எடுத்து வைக்கிறேன்.

உன் கடிதத்தை நாகராஜன்கிட்ட காட்டினேன். அவரு படிச்சிட்டு, ஆமா, இது வேற வகை, இதுல ஒருத்தரையும் குத்தம் சொல்ல முடியாதுன்னு சொன்னாரு. எனக்கு மலையை இறக்கி வெச்ச மாதிரி ஆயிடுச்சு. உன்மேல எனக்கு எந்த நாளும் சந்தேகம் கிடையாது, அது உனக்கே தெரியும். தேவிக்கும் போன் போட்டு, என் பொண்டாட்டி சுத்தம்னு சொல்லிட்டேன். அவளும் அழுதா.

முடி போனா போவட்டும், வளரும். நல்லாச் சாப்பிடு. ஜூன் மாசம் நான் வந்துடுவேன், அப்புறம் உன்னை உட்கார வெச்சு நான் பார்த்துக்கிறேன். நம்ம பழையபடி இருக்கலாம்.

எல்லா மருந்தும் ஏத்தி முடிச்சதும் எழுது.

உன் அன்புக் கணவன்,
தங்கவேல்



ஏம்பலம்
17-3-2024

தங்கவேல் மாமாவுக்கு,

நீங்க சுகமா இருக்கணும். அதை மனசாரத்தான் எழுதுறேன். பொங்கலுக்கும் மாசி மகத்துக்கும் நீங்க போட்ட கார்டு ரெண்டும் வந்தது. பதில் போடலை. போடக்கூடாதுன்னு இருந்தேன்.

ஆறு தடவையும் முடிஞ்சது. அதுல மூணாவது தடவை நடந்தது உங்களுக்கு எந்த அளவு தெரியும்னு எனக்குத் தெரியலை. கிறிஸ்துமஸ் கழிஞ்ச வாரம், வியாழக்கிழமை. டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தேன். தலையில ஒரு முடி இல்லை, வாயெல்லாம் புண்ணு. கதவைத் திறந்துக்கிட்டு பாக்யராஜ் அண்ணன் வந்தார். உங்க தங்கச்சி புருஷனைப் பார்த்ததும் சாத்துக்குடி கொண்டு வந்திருப்பார், பார்க்க வந்திருக்கார்னு நினைச்சு எழுந்திருக்கப் பார்த்தேன்.

"யாருங்க நீங்க?"ன்னு டாக்டர் கேட்டாங்க.

"இவங்க வூட்டுக்காரரோட மச்சான். ஒரு விஷயம் தெரிஞ்சிக்கினு வரச் சொன்னாரு."

"என்ன விஷயம்?"

என்னைப் பார்க்காம சுவத்தைப் பார்த்துக்கிட்டுக் கேட்டார். "இது வேற ஆளால வர்ற நோய் இல்லன்னு நீங்க சொன்னதா இந்தப் பொண்ணு எழுதியிருக்குது. நெஜமாவே நீங்க சொன்னீங்களான்னு கேக்கச் சொன்னாரு."

டாக்டர் எழுந்து நின்னுட்டாங்க. "என் நோயாளியைப் பத்தி உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வெளிய போங்க"ன்னாங்க. அவர் போனார். போகும்போது, "நான் இன்னா பண்றது தங்கச்சி, மாமா கேக்கச் சொன்னாரு"ன்னார். அவர்மேல எனக்குக் கோபம் இல்லை.

"உன்மேல எந்த நாளும் சந்தேகம் கிடையாது"ன்னு நீங்க எழுதின கடிதம் அதுக்கு முன்னாடியே வந்து என் பையில இருந்தது மாமா.

இன்னொண்ணு சொல்லணும். மருந்து ஏத்துற எடத்துல கரிக்கலாம்பாக்கத்துக்காரம்மா ஒருத்தவங்க பழக்கம். சின்னப்பிள்ளைன்னு பேர். அவங்களுக்கு வந்திருக்கிறது அந்த இன்னொரு வகை, நாகராஜன் சொன்னாரே, அது. கல்யாணம் ஆனதுலேருந்து வீடு, நாத்து நடவு, சர்ச்சு, இதைத் தவிர அவங்களுக்கு வேற எடம் தெரியாது. அவங்க வீட்டுக்காரர் முதல் ரெண்டு தடவை கூட வந்தார். யாரோ எதையோ சொல்லியிருக்காங்க, அதோட வர்றதை நிறுத்திட்டார். கட்டிக்குக் கரண்ட், அதான் ரேடியேஷன், வெச்சு முடிச்சுட்டு, பஸ்ல நிக்க முடியாம, படியில உட்கார்ந்துக்கிட்டு போறாங்க. ஒரு நாள் என்கிட்ட, "உனக்கு நல்ல ஜாதி நோவு வந்திருக்குதுடி, குடுத்து வெச்சவ"ன்னாங்க.

அந்த வார்த்தையைக் கேட்டதுலேருந்து எனக்குச் சோறு செல்லலை. எனக்கு வந்தது அவங்களுக்கு வந்ததா இருந்திருந்தா நீங்க என்ன எழுதியிருப்பீங்க? "என் பொண்டாட்டி சுத்தம்"னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லியிருப்பீங்களா? நான் அதே உஷாராணிதானே. ஒரு சாயத்துல வேற கலர் வந்ததால நான் நல்லவளாயிட்டேன். அந்தக் கலர் வரலைன்னா புகழ்வேந்தனுக்குக் கை முறிஞ்ச மாதிரி எனக்கு எது முறிஞ்சிருக்கும்? அதுக்குப் பயந்துதான் பொங்கல்லேருந்து ஆறேழு மாசம் வாயைத் திறக்காம ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பரவியிருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. நோயை விட உங்களுக்குத்தான் நான் அதிகமாப் பயந்திருக்கேன்.

உங்களைப் பத்தி நானும் தப்பா நினைச்சேன். அதை உங்ககிட்டயே எழுதினேன். ஆள் வெச்சு விசாரிக்கலை.

உஷாராணி



காலாப்பட்டு
14-4-2024

உஷாவுக்கு,

இன்னிக்கு சித்திரை ஒண்ணு. இங்க பாயசம் போட்டாங்க. உன் உடம்பு இப்ப எப்படி இருக்குது? வாய்ப்புண்ணு ஆறுச்சா?

உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு. தினமும் எடுக்கிறேன், பாதியில மடிச்சு வைக்கிறேன். பாக்யராஜை நான்தான் அனுப்பினேன். தேவிகிட்ட இனிமே உன் பேச்சை எடுக்காதன்னு சொல்லிட்டேன். அவ கோவிச்சிக்கினு போனவதான், அப்புறம் வரல.

சின்னப்பிள்ளையம்மாவுக்கு இப்ப யாரு துணைக்குப் போறாங்க?

ஜூன் மாசம் இருபதாம் தேதி வாக்குல விட்டுடுவாங்க போலருக்கு. நான் நம்ம வூட்டுக்கு வரலாமா? கேட்டுத்தான் வரணும்னு தோணுது.

இப்பல்லாம் ஆட்டோவுல உன்கூட யாரு (இதுக்கு மேல எழுதினதை அடிச்சிட்டேன். எழுதினேன்னு தெரியட்டும்னுதான் பேப்பரை மாத்தாம அனுப்புறேன்.)

தங்கவேல்



ஏம்பலம்
2-6-2024

அன்புள்ள மாமாவுக்கு,

உஷாராணி எழுதுவது. வெளிய வர்ற நேரம், உடம்பைக் கெடுத்துக்காதீங்க. என் உடம்பு பரவாயில்லை. கடைசி ஸ்கேன்ல கட்டி இருந்த எடத்துல ஒண்ணும் தெரியலை. போயிடுச்சான்னு கேட்டேன். "இப்போ இல்லை"ன்னாங்க டாக்டர். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும், அஞ்சு வருஷம் வரைக்கும் சந்தேகத்தோடதான் பார்ப்போம்னாங்க. அவங்க படுற சந்தேகம் என் உயிரைக் காப்பாத்துறதுக்கு. அதனால அது எனக்கு வலிக்கலை.

தலையில முடி விரல் நுனி அளவு வந்திருக்கு. சுருட்டை முடி, யாருக்கோ முளைக்கிற மாதிரி இருக்கு. கம்பெனிக்கு மறுபடி போக ஆரம்பிச்சிருக்கேன்.

சின்னப்பிள்ளை அக்காவுக்கு நான்தான் துணை. என் சிகிச்சை முடிஞ்சதுலேருந்து, அவங்க போற நாள்ல நான் லீவு போட்டுட்டுப் போறேன். இதை நீங்க கேட்டது எனக்கு ஆச்சரியமா இருந்தது.

நம்ம வீட்டுக்கு இப்போ வர வேண்டாம். கரையாம்புத்தூருக்குப் போங்க, தங்கச்சியோட சமாதானம் ஆகுங்க. உங்க துணிமணியைப் பெட்டியில வெச்சு பாக்யராஜ் அண்ணன்கிட்ட கொடுத்துட்டேன். ஊர்ல கேக்கிறவங்களுக்கு நான் சொல்ற பதில், அவர் அங்க இருக்கார், அவ்வளவுதான். விவாகரத்தான்னு கேட்டாங்க. அதைப் பத்தி நான் இன்னும் நினைக்கலை. சேர்ந்து வாழறதைப் பத்தியும் நினைக்கலை. உங்க சத்தம் இல்லாத வீட்டுல தூங்கப் பழகியிருக்கேன், பயமில்லாம. அதை உடனே விட மனசு வரலை.

ஜூலை எட்டாம் தேதி திங்கள்கிழமை எனக்கு முதல் செக்கப். காலையில பஸ்ல போறேன். நீங்க வரணும்னா ஆஸ்பத்திரி வெளிவாசல்ல வேப்ப மரத்துக்கிட்ட நில்லுங்க. உள்ள வர வேண்டாம். டாக்டரைப் பார்க்க வேண்டாம். நான் வெளிய வர மதியம் ஆகும், சில நாள் சாயங்காலமும் ஆகும். வந்ததும், எனக்கு என்ன சொல்லணும்னு தோணுதோ அதைச் சொல்வேன். சொல்லாததை நீங்க கேட்கக் கூடாது. யாரோட வந்தேன், யார்கிட்ட பேசினேன், ஏன் இவ்வளவு நேரம், எதுவும்.

அன்னைக்கு உங்களால அப்படி நிக்க முடிஞ்சா, அடுத்த செக்கப் அக்டோபர்ல. அதுக்கும் வரலாம்.

இப்படிக்கு,
உஷாராணி